டிஸ்க்கைத் தொட்ட பிறகு

வினாடிக்கு நாற்பத்தோராயிரம்.
மூன்று நாளாக அதற்கு மேல் ஏற மறுக்கிறது.
மொன்டேவிடேயோவில் ஒன்று, சாவ் பாவ்லோவில் ஒன்று,
மலைக்கு அந்தப் பக்கம் சாண்டியாகோவில் ஒன்று.
மூன்று சர்வருக்கும் ஒரே ஞாபகம் இருக்க வேண்டும்.
அதற்குத்தான் அவற்றுக்குள் இத்தனை பேச்சு.
பேசி முடிப்பதற்குள்
வினாடி போய்விடுகிறது.

வெள்ளிக்கிழமை பஸ் அட்டை டெண்டர்.
அறுபதாயிரம் என்று தாளில் இருக்கிறது.
யார் போட்ட எண் இது?
"உருண்டையாக இருக்கிறதே என்று போட்டிருப்பார்கள்"
என்கிறான் எவுலோஹியோ,
மாத்தே குடுவையில் வெந்நீரை ஊற்றியபடி.
ஜன்னலுக்கு வெளியே
ஆறா கடலா என்று இன்னும் முடிவெடுக்காத
பழுப்புத் தண்ணீர், ஜூலைக் காற்று.

நான் திருகாத திருகு இல்லை.
கேஷைப் பெருக்கினேன்: இரண்டாயிரம் ஏறியது.
அது நிறைந்ததும் மூவாயிரம் இறங்கியது.
சாண் ஏறினால் முழம் சறுக்கல்.
எழுத்துகளைக் கட்டுக்கட்டாக அனுப்பினேன்.
கட்டு பெருத்தால் காத்திருப்பும் பெருக்கிறது.
த்ரெட்களை இரட்டிப்பாக்கினேன்,
ஒன்றின் காலை ஒன்று மிதித்தது.

இரவு பதினொன்றரைக்கு
திடீரென்று எழுபத்தெட்டாயிரம்.
எவுலோஹியோ நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான்.
நான் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன்:
டிஸ்க்கின் பச்சை விளக்கு
எப்போதோ ஒருமுறைதான் சிமிட்டியது.
"என்ன செய்தாய்?"
"ஒரே ஒரு வரி.
எழுதி முடியும்வரை நிற்காதே,
எழுதியாயிற்று என்று சொல்லிவிடு என்றேன்.
எல்லோரும் செய்வதுதான், நெலிதா.
மூன்று ஊரிலும் ஒரே நொடியில் கரண்ட் போகுமா?"

போகாதுதான்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இருந்தாலும் எழுந்து போய்
இங்கிருந்ததைக் கையால் பிடுங்கினேன்,
மற்ற இரண்டையும் கட்டளையால் அணைத்தேன்.

மீண்டும் ஏற்றியபோது
இருநூற்றுப் பன்னிரண்டு பேரைக் காணவில்லை.
பொய்ப் பயணிகள்தான், நாங்களே உண்டாக்கியவர்கள்.
பெயர் இல்லை, எண் மட்டும்.
ஆனால் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தோம்:
உங்கள் பணம் ஏறிவிட்டது, போகலாம்.

அவன் பேசாமல் வரியைத் திரும்பப் போட்டான்.
நாற்பத்தோராயிரம்.
கோபத்தில் பெட்ரோல் பங்குக்கு ரொட்டி வாங்கப் போனான்.

நான் காணாமல் போனவர்களைப் படித்தேன்.
41877. 41878. 41879.
ஒருவர் பின் ஒருவராக, இடைவெளியே இல்லாமல்,
ஒரே வாசலில் நின்று
ஒரே வாசலில் தொலைந்திருந்தார்கள்.

பதினாறு பகுதிகளாகத் தரவைப் பிரித்துவிட்டு
எண்களை வரிசையாக ஊட்டியிருக்கிறோம்.
புதிதாக வருகிறவர் எல்லாம் கடைசிப் பகுதிக்கே.
பதினாறு மாட்டைக் கட்டிவைத்து
ஒன்றையே கறந்துகொண்டிருந்தோம்,
மூன்று நாளாக.
அதன் மடியைக் குறை சொல்லிக்கொண்டு.

எண்களைக் கலைத்துப் போட்டேன்.
ஐம்பது. ஐம்பத்துநான்கு.
ஐம்பத்தேழாயிரத்து அறுநூறில் நின்றது.
பச்சை விளக்கு
பைத்தியம் பிடித்ததுபோல் சிமிட்டியது.

மிச்சத்துக்கு ஆண்டிஸ் மலை இருக்கிறது நடுவில்.
ஒளிக்கும் அதைக் கடக்க நேரமாகும்.
அதில் திருகு ஏதுமில்லை.

ரொட்டியோடு வந்தவன் திரையைப் பார்த்தான்.
"உருண்டையாக்கிவிடலாமே" என்றான்,
பாதி விளையாட்டாக.
மறு பாதி எனக்குத் தெரியும்.
அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது.
எனக்கும் இருக்கிறது.

57,600 என்று அடித்தேன்.
கீழே சிறிய எழுத்தில்: டிஸ்க்கைத் தொட்ட பிறகு.

ஐந்தேகாலுக்கு முதல் பஸ் ரம்ப்லாவில் திரும்பியது,
உள்ளே விளக்கும் ஓட்டுநரும் மட்டும்.
எவுலோஹியோ சோதனைத் தரவை அழிக்கச் சொன்னான்.
பத்து லட்சம் பயணிகள்.
நிச்சயமாகவா என்று கேட்டது.
ஆம் என்று அடித்துவிட்டு,
ஆறிப்போன மாத்தேயை மாற்றி மாற்றி உறிஞ்சியபடி
மூன்று ஊர்களும் சம்மதிக்கும்வரை
காத்திருந்தோம்.